டிஜிட்டல் மார்க்கெட்டிங் மாநாட்டுக்குப் போகலாமா? என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் எங்கள் குடும்பத்துக்கு வெட் கிரைண்டர் விற்பனையும் சர்வீஸும் செய்யும் கடை இருக்கிறது. ஆறு வருடமாக அதன் ஆன்லைன் வேலைகளை நான் பார்த்துக்கொள்கிறேன். விளம்பரத்துக்கு மாதம் 25,000 ரூபாய். அதற்கு மேல் அப்பா ஒரு பைசா தர மாட்டார். இதுவரை சென்னையில் இரண்டு, பெங்களூருவில் ஒன்று என மூன்று டிஜிட்டல் மார்க்கெட்டிங் மாநாடுகளுக்குப் போய் வந்திருக்கிறேன்.

போய் வந்ததிலிருந்து பக்கத்துக் கடைக்காரர்கள், கூடப் படித்தவர்கள், எங்கள் தெருவில் மசாலாப் பொடி வியாபாரம் தொடங்கியிருக்கும் தம்பி என்று எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் வாய்ஸ் நோட் அனுப்பிச் சலித்துவிட்டது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

அங்கே என்னதான் நடக்கும் அக்கா? கிளாஸ் மாதிரி இருக்குமா?

இருக்காது. பெரிய ஹோட்டல் ஹாலில் ஒரு மேடை. காலை ஒன்பதரையிலிருந்து சாயங்காலம் ஆறு வரை ஒருவர் மாற்றி ஒருவர் அரை மணி நேரம் பேசுவார்கள். ஹாலுக்கு வெளியே வரிசையாக ஸ்டால்கள்: வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பும் மென்பொருள் விற்பவர்கள், இணையதளம் செய்து தருபவர்கள், ஏஜென்சிகள். இடையில் இரண்டு டீ, மதியம் பஃபே. கல்யாண வீட்டுக்குப் போன மாதிரிதான், தாலி கட்டுகிற நேரம் மட்டும் கிடையாது.

சில மாநாடுகளில் தனிக் கட்டணத்தில் பயிலரங்கு வைப்பார்கள். லேப்டாப்பைத் திறந்து வைத்துக் கையோடு செய்து பழக வேண்டும் என்றால் அதற்குத்தான் பணம் கட்ட வேண்டும். மேடைப் பேச்சைக் கேட்டு யாரும் விளம்பரம் போடக் கற்றுக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

மொத்தமா எவ்வளவு செலவாச்சுங்க?

கடைசியாகப் போன சென்னை மாநாடு இரண்டு நாள். டிக்கெட் 7,500, அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,350, ஆக 8,850. சேரன் எக்ஸ்பிரஸில் போக வர, ஒரு ராத்திரிக்கு அறை, ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து 5,900. மொத்தம் 14,750 ரூபாய். கடையின் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து டிக்கெட் வாங்கியதால் அந்த 1,350-ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது கடை கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுத்துக்கொண்டோம். முதல் முறை எண்ணைப் போட மறந்துவிட்டு, பில்லை மாற்றித் தரச் சொல்லி நான் அனுப்பிய மெயில்களுக்கு இன்றுவரை பதில் இல்லை.

மாத விளம்பரச் செலவில் பாதிக்கு மேல் இது. அப்பா கேட்டார்: "இந்தப் பணத்துக்கு விளம்பரம் போட்டிருந்தா எத்தனை கிரைண்டர் போயிருக்கும்?" அன்றைய கணக்குப்படி சுமார் பதினைந்து. அந்தப் பதினைந்தைப் பற்றிக் கீழே ஓர் இடத்தில் மறுபடி பேச வேண்டியிருக்கும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாமே யூட்யூப்ல இருக்கே, எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்?

மேடையில் நான் கேட்டதில் முக்கால்வாசி யூட்யூபில் இருப்பதுதான். அதை மறுக்க மாட்டேன். ஆனால் யூட்யூபில் பேசுகிறவர் உங்கள் கணக்கைப் பார்த்ததில்லை.

முதல் மாநாட்டில் மதியச் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் மதுரையில் வாஷிங் மெஷின் சர்வீஸ் நடத்துகிறவர். என்னைப் போலவே சின்ன பட்ஜெட். பேச்சுவாக்கில் என் போனில் கூகுள் விளம்பரக் கணக்கைத் திறந்து காட்டினேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, "லொகேஷன்ல இந்த ஆப்ஷனை மாத்தலையாம்மா?" என்றார். கூகுளில் விளம்பரத்துக்கு ஓர் ஊரைத் தேர்ந்தெடுத்தால், அந்த ஊரில் இருப்பவர்களுக்கு மட்டுமல்லாமல், அந்த ஊரில் 'ஆர்வம் காட்டுபவர்களுக்கும்' விளம்பரம் போகும்படிதான் அமைப்பு முன்கூட்டியே வைக்கப்பட்டிருக்கும். நாம்தான் உள்ளே போய் 'அங்கே இருப்பவர்கள்' என்று மாற்ற வேண்டும்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இதனால் பெரிய நஷ்டம் இருக்காது. எங்களுக்கு நிலைமை வேறு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. நாட்டின் எந்த மூலையில் இருப்பவரும் 'கோயம்புத்தூர் கிரைண்டர்' என்று தேடுவார். நான் போட்டிருந்ததோ வீட்டுக்கு வந்து கிரைண்டர் சரிசெய்து தரும் சர்வீஸ் விளம்பரம். புனேயிலிருந்தும் விஜயவாடாவிலிருந்தும் ஏன் போன் வருகிறது என்று எட்டு மாதமாகக் குழம்பிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சாம்பார் சாதம் ஆறுவதற்குள் விஷயம் முடிந்துவிட்டது. இந்த ஆப்ஷனைப் பற்றியும் யூட்யூபில் வீடியோ உண்டு, பிறகு பார்த்தேன். தேட வேண்டியது அதுதான் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

எனக்கு இங்கிலீஷ் சரளமா வராது. போனா புரியுமா?

ஸ்லைடு எல்லாம் ஆங்கிலத்தில்தான் இருக்கும். சென்னையில் பேசுகிறவர்களில் பாதிப் பேர் பத்து நிமிடத்தில் தமிழுக்கு வந்துவிடுவார்கள். பெங்களூருவில் அப்படி இல்லை. சிடிஆர், சிபிசி, ரோஆஸ், ரீடார்கெட்டிங் என்று ஒரு முப்பது சொற்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். அவற்றுக்கு அர்த்தம் எழுதி எடுத்துப் போனால் போதும். டீ மேசையில் எந்தப் பிரச்சினையும் கிடையாது.

பொண்ணு தனியாப் போனா சங்கடமா இருக்காதா?

முதல் ஒரு மணி நேரம் இருந்தது. யாருமே யாருக்கும் தெரியாத கூட்டம் என்பது புரிந்ததும் போய்விட்டது. இரவு விருந்து என்று ஒன்று வைப்பார்கள். நான் இருப்பதில்லை, அதனால் எதையும் இழந்ததாகவும் தோன்றவில்லை.

சர்டிபிகேட் குடுப்பாங்களா? வேலைக்கு உதவுமா?

கொடுப்பார்கள். வந்து உட்கார்ந்ததற்கான சான்று அது. நான் ஆள் எடுக்கும்போது அதைப் பார்ப்பதில்லை. கூகுள் தன் ஸ்கில்ஷாப் தளத்தில் விளம்பரத் தேர்வுகளை இலவசமாகவே நடத்துகிறது. சான்றிதழ் ஒரு வருடம் செல்லும். படித்துக்கொண்டிருப்பவர்கள் மாநாட்டுக்குச் செலவழிக்கும் முன் அதை முடித்துவிடலாம்.

ஒரே நேரத்துல ரெண்டு மூணு ஹால்ல பேசுறாங்க. எதைக் கேட்கணும், எதை விடணும்?

நிகழ்ச்சி நிரலில் பேச்சாளர் பெயருக்குப் பக்கத்தில் 'வழங்குபவர்' என்று கம்பெனி லோகோ இருந்தால், அந்த அரை மணி நேரத்தை அந்தக் கம்பெனி பெரும்பாலும் காசு கொடுத்து வாங்கியிருக்கும். அதிலும் நல்ல விஷயம் வரலாம். ஆனால் பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசி ஸ்லைடில் அவர்கள் மென்பொருளில் வந்து நிற்கும். அந்த நேரம் டீ குடிக்க உகந்தது.

தோற்றதைச் சொல்கிறவரைக் கேளுங்கள். பெங்களூருவில் துணிக் கடை நடத்தும் ஒருவர் நாலு மாதம் எதில் பணத்தை விட்டார் என்று மட்டுமே பேசினார். கைதட்டல் குறைவு. என் நோட்டில் அதிகப் பக்கம் எழுதியது அன்றைக்குத்தான். அப்புறம், கேள்வி நேரத்தில் நான் எல்லோரிடமும் கேட்பது மூன்றுதான்: மாதம் எவ்வளவு செலவு, எத்தனை மாதம் ஆனது, எத்தனை பேர் வேலை பார்த்தார்கள்? மாதம் 40 லட்சம் செலவழிக்கிறவர் இரண்டு நாளில் சோதித்து முடிவு சொல்லும் விஷயத்துக்கு என் பட்ஜெட்டில் ஒரு வருடம் ஆகும். அது அவர் தப்பு இல்லை. அளவு வேறு, அவ்வளவுதான்.

மேடையில சொல்ற புள்ளிவிவரமெல்லாம் நிஜமா?

சிலது நிஜம். சிலது ஸ்லைடிலிருந்து ஸ்லைடுக்குத் தாவித் தாவி ஊர் பேர் இழந்தது. '2020-க்குள் தேடல்களில் பாதி குரல் வழியாக நடக்கும்' என்ற வரியை ஒரு காலத்தில் எந்த மாநாட்டிலும் கேட்கலாம். அதன் வேரைத் தேடிப் போனால், 2014-ல் ஏஐ ஆராய்ச்சியாளர் ஆண்ட்ரூ எங் ஒரு பேட்டியில் சொன்ன கணிப்பில் வந்து நிற்கிறது. அப்போது அவர் சீனத் தேடல் நிறுவனமான பைடுவில் இருந்தார். ஐந்து வருடத்தில் தேடல்களில் குறைந்தது பாதி, படம் வழியாகவோ பேச்சு வழியாகவோ நடக்கும் என்றுதான் சொன்னார். சுற்றி வந்ததில் படம் விழுந்துவிட்டது, பைடு விழுந்துவிட்டது, கணிப்பு என்பதும் விழுந்துவிட்டது.

மனிதனின் கவனம் எட்டு விநாடி, தங்கமீனை விடக் குறைவு என்பதும் அதே ரகம். 2015-ல் மைக்ரோசாஃப்ட் கனடாவின் அறிக்கை ஒன்றிலிருந்து பரவியது. ஆனால் அந்த எண்ணை அவர்களே அளந்து சொல்லவில்லை, வேறொரு புள்ளிவிவரத் தளத்திலிருந்து எடுத்திருந்தார்கள். பெங்களூருவில் இதைச் சொன்னவரே ஒரு மணி நேரம் பேசினார், நாங்களும் உட்கார்ந்து கேட்டோம்.

"அடுத்தது இதுதான், மாறலைன்னா காலி"ன்னு பயமுறுத்துறாங்களே. உடனே மாறணுமா?

குக்கி கதையைச் சொல்கிறேன். நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்று விளம்பரக் கம்பெனிகள் பின்தொடர, நம் பிரவுசரில் போட்டு வைக்கும் சின்னக் கோப்புதான் மூன்றாம் தரப்புக் குக்கி. குரோம் பிரவுசரில் மூன்றாம் தரப்புக் குக்கிகளை இரண்டு வருடத்துக்குள் எடுத்துவிடுவோம் என்று கூகுள் 2020 ஜனவரியில் அறிவித்தது. பிறகு 2023 என்றார்கள், 2024 என்றார்கள், 2025 என்றார்கள். கடைசியில் 2024 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டார்கள். இடையில் 'குக்கி இல்லாத உலகம்' என்று எத்தனை மேடைப் பேச்சு, அதற்கென்று எத்தனை மென்பொருள் விற்பனை! எனக்குத் தெரிந்த ஒருவர் அப்படி ஒன்றுக்கு வருடச் சந்தா கட்டினார்.

அதற்காக எல்லா எச்சரிக்கையும் புரளி ஆகிவிடாது. நம் தளத்துக்கு யார் எங்கிருந்து வருகிறார்கள் என்று கணக்குக் காட்டும் பழைய கூகுள் அனலிட்டிக்ஸ் 2023 ஜூலை 1 முதல் புதிய தகவல் சேர்ப்பதை நிறுத்தும் என்றார்கள், நிறுத்தினார்கள். ஜிமெயிலுக்கு ஒரே நாளில் 5,000-க்கு மேல் மெயில் அனுப்புகிறவர்களுக்கு 2024 பிப்ரவரி முதல் கடுமையான விதிகள் என்றார்கள், வந்தன. தேடினால் மேலேயே ஏஐ பதில் வந்து நிற்பது இந்தியாவுக்கு 2024 ஆகஸ்டில் வந்தது. 'கிரைண்டர் பெல்ட் வழுக்குவது ஏன்' போன்ற எங்கள் கட்டுரைகளுக்கு வருகிறவர்கள் குறைந்தது உண்மை.

நான் பார்ப்பது செலவைத்தான். பத்து நிமிடத்தில் இலவசமாக மாற்ற முடிந்தால் அன்றே மாற்றிவிடுவேன். புதிய அனலிட்டிக்ஸில் ஒவ்வொருவரும் தளத்தில் என்ன செய்தார் என்ற விவரம் இரண்டு மாதம்தான் தங்கும், அதைப் பதினான்கு மாதமாக மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு பேச்சாளர் சொன்னார். உட்கார்ந்த இடத்திலேயே மாற்றினேன். இல்லாவிட்டால் எக்ஸ்ப்ளோர் பகுதியில் போன தீபாவளியோடு இந்தத் தீபாவளியை ஒப்பிட்டுப் பார்க்க முடியாது. காசு கேட்கும் மாற்றம் என்றால் ஒரு வருடம் பொறுப்பேன்.

முதலாளி அனுப்ப மாட்டேங்கிறார். என்ன சொல்லிக் கேட்கிறது?

'நிறையக் கத்துக்கலாம்' என்று கேட்டால் யாரும் தர மாட்டார்கள். இப்போது எந்த விளம்பரத்தில் எவ்வளவு வீணாகிறது என்று ஒரு பக்கம் எழுதி, இந்த மூன்று சந்தேகத்துக்கு விடை தேடிப் போகிறேன் என்று கொடுங்கள். அதை எழுத முடியவில்லை என்றால் அந்த வருடம் போகாமல் இருப்பதே நல்லது.

ஒருத்தர் விளம்பரத்துல 10 மடங்கு ரிட்டர்ன்ங்கிறார். நமக்கு ஏன் வர மாட்டேங்குது?

இதற்கு முன், உங்களுக்கு எத்தனை மடங்கு வந்தால் லாபம் என்று தெரியுமா? எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. விளம்பரத்தில் போட்ட ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் விற்பனை என்பதுதான் ரோஆஸ். எனக்கு 5 வந்துகொண்டிருந்தது. டீ மேசையில் பெருமையாகவே சொன்னேன். ஈரோட்டிலிருந்து வந்திருந்த ஒரு அம்மா, "உங்க மார்ஜின் எவ்வளவு கண்ணு?" என்று கேட்டார்.

டிஷ்யூ பேப்பரிலேயே கணக்குப் போட்டோம். ஒரு டேபிள் டாப் கிரைண்டர், ஜிஎஸ்டி போக 5,000 ரூபாய். அடக்கவிலை 3,800. கூரியர் 350 (கல் இருக்கிறதே, எடைக்கு வாங்குவார்கள்). பணம் வசூலிக்கும் கேட்வேக்கு 100. மிச்சம் 750. ரோஆஸ் 5 என்றால் ஒரு கிரைண்டர் விற்க விளம்பரத்துக்கே 1,000 ரூபாய் போகிறது. அதாவது ஒவ்வொரு கிரைண்டருக்கும் 250 ரூபாய் நஷ்டப்பட்டு விற்றுக்கொண்டிருந்தேன். எனக்கு அசலாவது தேற 6.7 வேண்டும். அப்பா கேட்ட அந்தப் பதினைந்து கிரைண்டர் போயிருந்தால் 3,750 ரூபாய் கையை விட்டுப் போயிருக்கும்.

அதே கணக்கை ஒரு அழகுக் கிரீம் கம்பெனிக்குப் போட்டால் ரோஆஸ் 3-லேயே லாபம் நிற்கலாம். வாங்கியவர் அடுத்த மாதமும் வாங்குவார் என்றால் 2 கூடப் போதும். 10 என்று சொல்கிறவர் என்ன விற்கிறார், அதில் அவருக்கு எவ்வளவு நிற்கிறது என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

மெட்டா 30 ஆர்டர்ங்குது, கூகுள் 25ங்குது. கடையில மொத்தமே 40தான். யார் பொய் சொல்றாங்க?

யாரும் பொய் சொல்லவில்லை, இருவரும் ஒரே ஆர்டரைத் தன்னுடையது என்கிறார்கள். மெட்டாவின் (பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டும் அவர்களுடையது) வழக்கமான கணக்கு: விளம்பரத்தைத் தொட்டு ஏழு நாளுக்குள், அல்லது சும்மா பார்த்து ஒரு நாளுக்குள் வாங்கினால் அது மெட்டாவின் ஆர்டர். கூகுள் வழக்கமாக, தொட்டு முப்பது நாள் வரை எடுத்துக்கொள்ளும். திங்கட்கிழமை இன்ஸ்டாகிராமில் தொட்டவர் வியாழக்கிழமை கூகுளில் தேடி, அங்கேயும் நம் விளம்பரத்தைத் தொட்டு வந்து வாங்கினால் இருவரும் ஒவ்வொன்று எழுதிக்கொள்வார்கள். கல்யாணத்தை முடித்து வைத்தது நான்தான் என்று நாலு தரகர்கள் வந்து நிற்கிற மாதிரி.

இதில் இன்னும் சூட்சுமமான ஒன்று, நம் கடைப் பெயரையே தேடுகிறவர்களுக்கு விளம்பரம் காட்டுவது. ரோஆஸ் பிரமாதமாக வரும். ஆனால் பெயர் சொல்லித் தேடுகிறவர் எப்படியும் நம்மிடம்தான் வருவார். ஆன்லைன் விற்பனைத் தளம் நடத்தும் அமெரிக்காவின் இ-பே நிறுவனம் 2012-ல் தன் பெயருக்கான விளம்பரங்களைச் சில இடங்களில் நிறுத்திப் பார்த்தது. அப்படி வந்துகொண்டிருந்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் கீழே இருந்த சாதாரணத் தேடல் முடிவு வழியாகவே வந்து சேர்ந்தார்கள். போட்டிக்கடை உங்கள் பெயரில் விளம்பரம் போடுகிறது என்றால் கணக்கு மாறலாம். எங்கள் பெயரில் யாரும் போடவில்லை, நிறுத்தினேன், விற்பனை அசையவில்லை.

அதனால் இப்போது நான் பார்ப்பது மாதம் மொத்தச் செலவு, மாதம் கடையில் விழுந்த மொத்த ஆர்டர், இந்த இரண்டை மட்டும்தான்.

நூறு விசிட்டிங் கார்டு வாங்கிட்டு வந்தேன். எல்லாரையும் பிராட்காஸ்ட்ல போட்டுடலாமா?

வேண்டாம். முதலில் அது போய்ச் சேராது: வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் உங்கள் எண்ணைத் தன் போனில் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் போகும். இரண்டாவது, அனுமதி வாங்காமல் தனிநபர் தகவலைப் பயன்படுத்துவதைக் கட்டுப்படுத்த 2023-ல் சட்டமே வந்துவிட்டது. அதில் அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். நம் மாதிரிக் கடைமேல் அது பாயாது என்று நினைத்தாலும், கார்டு கொடுத்தவர் எரிச்சலில் பிளாக் செய்வார். நூறு கார்டில் மூன்று பேருக்கு, என்ன பேசினோம் என்று நினைவுபடுத்தித் தனித்தனியாக எழுதுங்கள்.

இதே விஷயம் உங்கள் பக்கமும் நடக்கும். ஸ்டாலில் 'இலவச ஆடிட்' என்று கழுத்துப் பட்டையின் க்யூஆரை ஸ்கேன் செய்தால் உங்கள் எண் அவர்கள் பட்டியலில் ஏறிவிடும். முதல் மாநாடு முடிந்து இரண்டு மாதம் எனக்கு வந்த அழைப்புகள் சொல்லி மாளாது. இப்போதெல்லாம் டிக்கெட் வாங்கவே தனி எண் வைத்திருக்கிறேன்.

அங்கே கேட்டதையெல்லாம் செஞ்சு பார்த்தீங்களா? எதுவும் சொதப்பலையா?

சொதப்பியது. தினம் ஒரு ரீல்ஸ், முப்பது நாள், நிறுத்தவே கூடாது என்று ஒருவர் ஆவேசமாகப் பேசினார். ஊருக்கு வந்து அப்படியே செய்தேன். பதினோராம் நாள் சொல்ல ஒன்றுமில்லாமல் கிரைண்டர் பக்கத்தில் நின்று பாட்டுக்கு வாயசைத்தேன். சித்தி பார்த்துவிட்டு அம்மாவுக்குப் போன் செய்தார். முப்பது நாளில் அந்த ரீல்ஸால் வந்த விசாரிப்பு இரண்டு, ஒன்று சித்தி பெண்ணுடையது. அதில் உருப்படியானது, மெக்கானிக் அண்ணன் பெல்ட் மாற்றுவதைப் போனில் எடுத்த ஒன்றரை நிமிட வீடியோ மட்டும். இன்றும் அதைப் பார்த்துவிட்டு பெல்ட் கேட்டு எழுதுகிறார்கள்.

தேறியது, ஆரவாரமில்லாத வேலைகள். மேலே சொன்ன லொகேஷன் மாற்றம் ஒன்று. இன்னொன்று, வாரம் ஒரு முறை சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட்டைத் திறந்து, என்ன தேடியவர்கள் நம் விளம்பரத்தைத் தொட்டார்கள் என்று பார்ப்பது. முதல் முறை பார்த்தபோது தலை சுற்றியது. இரும்பு அறுக்கும் ஆங்கிள் கிரைண்டர், காபிக்கொட்டை கிரைண்டர், போதாததற்கு கிட்டத்தட்ட அதே பெயரில் இருக்கும் ஒரு டேட்டிங் செயலியைத் தேடியவர்கள்! எல்லாவற்றுக்கும் என் காசு போயிருந்தது. அவற்றை நெகட்டிவ் கீவேர்டில் போட்டுத் தடுத்தேன். ஆறு மாதத்தில், அதே 25,000-க்கு 25 ஆர்டர் வந்த இடத்தில் 40 வந்தது. ஆர்டருக்கு 625 ரூபாய். மேலே போட்ட கணக்கில் கிரைண்டருக்கு 125 ரூபாய் கையில் நிற்கிறது. பெரிய தொகை இல்லை. ஆனால் நஷ்டம் இல்லை.

அடுத்த வருஷமும் போவீங்களா?

போவேன், ஒரு நாள் மட்டும். காலையில் சேரனில் இறங்கி ராத்திரி அதிலேயே ஏறிவிட்டால் அறை வாடகை மிச்சம். கேட்க வேண்டியதை இப்போதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்: ஒரு முறை கிரைண்டர் வாங்கியவர் அடுத்ததை வாங்கப் பத்து வருடம் ஆகும். அதுவரை அவருக்கு என்ன அனுப்பினால் எங்களை மறக்காமலும் இருப்பார், பிளாக் செய்யாமலும் இருப்பார்? பெல்ட், கல் கொத்துவது, ஆண்டு சர்வீஸ் என்று மூன்றைத் தவிர எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. சாப்பாட்டு வரிசையில் ஃபிரிட்ஜோ மெத்தையோ விற்கிறவர் யாராவது நிற்கிறாரா என்று பார்க்க வேண்டும்.